பத்தாவது கேள்விக்கு மெட்டு

பத்துக் கேள்விக்கும் மெட்டுப் போட்டது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் குழாயடியில் நின்று என் முதுகுக்குப் பின்னால் சொல்ல வேண்டாம்.

என் பெயர் தெனெங். ஆனால் எங்கள் ஆற்றங்கரை ஊரான ஜாராகுண்டாவுக்கு வந்து அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'ஓட்டைச்சட்டி வீடு எது' என்று கேட்டால் ஆடுகூட வழி காட்டும். நாலு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள் நான். நாலாவதைப் புதைத்த வாரம் கன்யெலெங் பெண்கள் வந்து என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். பிள்ளை தங்காதவர்களும் பிள்ளையே பிறக்காதவர்களும் சேர்ந்த கூட்டம் அது. கழுத்தில் டப்பா மூடி, எலும்பு, அறுந்த செருப்பு, மீன்வலைத் துண்டு எல்லாம் கோத்த மாலை. இடுப்பில் ஆண்பிள்ளைக் கால்சட்டை. விருந்து வீட்டில் நாய் வருவதற்குள் நாங்கள் சட்டியை நக்கிவிடுவோம். மானம் கெட்டவள் வீட்டுப் பிள்ளையைச் சாவு திரும்பிப் பார்க்காது என்பது எங்கள் நம்பிக்கை. பிள்ளை பிறந்தால் வாயில் வைக்க முடியாத பெயராக வைத்து, தவிட்டுக்கு இன்னொருத்திக்கு விற்போம். என் ஐந்தாவது பிள்ளையின் பெயர் குப்பை. இன்றைக்கு அவன் மூன்று பிள்ளைக்குத் தகப்பன், லாரி ஓட்டுகிறான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அந்த மாலை கழுத்தில் கிடக்கும்போது நாங்கள் யாரைத் திட்டிப் பாடினாலும் அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. மாவட்டத் தலைவரோ இமாமோ, யாராக இருந்தாலும் சிரித்துக்கொண்டு கேட்க வேண்டும். அதே மாதிரி எங்களில் ஒருத்தி என்னைத் திட்டிப் பாடினால், பாட்டு முடிகிற வரைக்கும் நான் அதற்கு ஆட வேண்டும். முப்பது வருடத்தில் எத்தனையோ திட்டுக்கு ஆடியிருக்கிறேன். எதுவும் உறைத்ததில்லை.

இப்படிப்பட்ட எங்களைத்தான் சுகாதார நிலையத்தில் கூப்பிட்டார்கள். கடற்கரைப் பட்டணத்திலிருந்து அன்சுமானா என்று ஒருவன் வந்திருந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் டேப்லெட். கர்ப்பிணிகளுக்கும் கைப்பிள்ளைக்காரிகளுக்கும் மனது சோர்ந்துபோகிறது, சேர்ந்து பாடினால் அது லேசாகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்களாம். நாங்கள் அதை எப்போது தொலைத்தோம், இவர்கள் கண்டுபிடிக்க? ஆனாலும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன். நிலையத்தில் எங்களுக்கு நாற்காலி போட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அந்த நாற்காலியில் நான் மயங்கினேன் என்பதை மறைக்கவில்லை.

அவன் சொன்ன நிபந்தனைகளும் அப்போது பெரிதாகத் தெரியவில்லை. கெட்ட வார்த்தை கூடாது. குப்பை மாலை கூடாது. கோமாளித்தனம் கூடாது. நல்ல பாட்டாகப் பாட வேண்டும், தாய்மார் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும். கன்யெலெங்கின் பல்லைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கடிக்கச் சொன்ன கதை. நாங்களும் சரி என்றோம்.

ஒவ்வொரு புதன்கிழமை காலையிலும், நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற மாமரத்தடியில் எட்டு வாரம் என்று ஏற்பாடு. இருபத்திரண்டு பெண்கள் வந்தார்கள். என் கூட்டாளி ஜாங்கோ தண்ணீர்த் தொட்டியில் சுரைக்குடுக்கையைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுவாள். நான் பாடுவேன், அவர்கள் கைதட்டித் திருப்பிப் பாடுவார்கள். முதல் நாள் அன்சுமானா ஒவ்வொருத்தியிடமும் பத்துக் கேள்வி கேட்டுப் பதிந்துகொண்டான். தூக்கம் வருகிறதா, சோறு இறங்குகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்று போகும். பத்தாவது, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா. எட்டாவது வாரம் அதே பத்தை மறுபடி கேட்பானாம். எண் குறைந்திருந்தால் மனது தேறிவிட்டது என்று அர்த்தம்.

அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தி தீடா. பத்தொன்பது, இருபது வயது இருக்கும். இரண்டு பிள்ளையைப் புதைத்தவள். மூன்றாவது, ஒரு மாதக் கைப்பிள்ளை, ஆண். புருஷன் பாக்கரி கடலுக்கு அந்தப்பக்கம் எங்கேயோ தக்காளி பறிக்கிறான். இரண்டாவது பிள்ளை போனபோதே அவளை நாங்கள் இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும், போகவும் செய்தோம். அவள் மாமியார் சோனா கதவை அடைத்துவிட்டாள். இது கௌரவமான குடும்பம், எங்கள் மருமகள் சட்டி நக்க வரமாட்டாள் என்றாள். மூன்றாவது பிறந்ததும் எட்டாம் நாள் கிடாய் வெட்டி, முற்காலத்தில் மாவட்டத் தலைவராக இருந்த தாத்தாவின் பெயரை ஊரறிய வைத்தாள். மாமரத்தடிக்கு மட்டும் அனுப்பினாள். நிலையத்தில் நடப்பது கௌரவமில்லையா.

தீடா கடைசி வரிசையில் உட்காருவாள். பிள்ளை நாத்தனார் மடியில் இருக்கும். அவள் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. கை தட்டுவாள், ஆனால் எல்லோரும் தட்டி முடித்த பிறகு தட்டுவாள். நான் பார்த்தேன். பார்த்தும் பாட்டு களைகட்டியிருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாவது வாரம் அன்சுமானா என்னைத் தனியாகக் கூப்பிட்டான். முதல் நாள் கேட்ட கேள்விகள் பெண்களுக்குச் சரியாகப் புரியவில்லை, எண் எசகுபிசகாக வந்திருக்கிறது என்று வருத்தப்பட்டான். இங்கே நன்றாக நடந்தால் ஆற்றங்கரை ஊர்கள் அத்தனைக்கும் இந்த ஏற்பாடு வருமாம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊர் ஊராக நாற்காலி போடுவார்களே. வீட்டுக்குப் போகிற வழியிலேயே மெட்டு வந்துவிட்டது.

எங்கள் பாட்டு எல்லாமே கேள்வியும் பதிலும்தான். நான் கேட்பேன், கூட்டம் பதில் சொல்லும். பதில் இல்லாமல் ஒரு பாட்டு எங்கள் ஊரில் எப்படி நிற்கும்? அதனால் பதிலையும் நானே போட்டேன்.

தூக்கம் வருதா தங்கச்சி?
வருது வருது அக்கா.
சோறு இறங்குதா தங்கச்சி?
இறங்குது இறங்குது அக்கா.

பத்தாவது வரை அப்படியே. 'சாகத் தோணுதா தங்கச்சி? தோணாது தோணாது அக்கா.' அந்தக் கடைசி வரிக்குத்தான் ஜாங்கோ சுரைக்குடுக்கையை இரண்டு மடங்கு வேகமாகத் தட்டுவாள். பெண்கள் எழுந்து குதிப்பார்கள். அன்சுமானா அதைப் படம் பிடித்துப் பட்டணத்துக்கு அனுப்பினான். மூன்று வாரம் பாடினோம். கிணற்றடியில் பாடினார்கள், நெல் குத்தும்போது பாடினார்கள், சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பாடிக்கொண்டே போனார்கள்.

எட்டாவது வாரம் அவன் டேப்லெட்டை வைத்துக்கொண்டு மறுபடி கேட்டான். ஒருத்தி விடாமல் எல்லோருக்கும் எண் இறங்கிவிட்டது. தீடாவுக்குப் பூஜ்யம். மிக நன்றாகத் தேறியவள் என்று அவள் பெயரைப் பட்டியலின் தலையில் எழுதினார்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமை நிறைவு விழா, மாவட்டத் தலைவர் வருகிறார், தீடாவுக்குத் துணி பரிசு என்றார்கள். நான் அன்று வீட்டில் போய் நிலக்கடலைக் குழம்பு வைத்துக் கூட்டாளிகளுக்கெல்லாம் போட்டேன்.

விழாவுக்கு முந்தின நாள், நல்ல உச்சி வெயில். நான் மாலையும் கால்சட்டையுமாக வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். தீடா வந்தாள், பிள்ளையோடு.

"அக்கா, இவனைத் தவிட்டுக்கு வாங்கிக்கங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும். சோனாவின் கதவு ஒரு வழியாகத் திறந்துவிட்டது என்று நினைத்தேன். பிள்ளையைப் பாயில் போடச் சொல்லிவிட்டு, படியை எடுத்துக்கொண்டு தவிட்டுப் பானைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது பிள்ளை பாயில் கிடந்தது. பக்கத்தில் அதன் துணி மூட்டை. மூட்டைக்கு மேல் தடுப்பூசி அட்டை. தீடாவைக் காணோம்.

தவிட்டுக்கு விற்பது எங்களுக்குப் பெரிய கூத்து. விற்கிறவள் மணிக்கணக்காகப் பேரம் பேசுவாள். தவிட்டைக் குறை சொல்வாள், வாங்குகிறவள் பிள்ளையைக் குறை சொல்வாள், ஊரே கூடி நின்று சிரிக்கும். கடைசியில் பிள்ளை பெற்றவள் மடியிலேயேதான் வளரும். தீடா ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. மடியில் வளரப்போகிற பிள்ளைக்கு அட்டையை எதற்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்?

பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு ஓடினேன். அறுபது வயதில், கழுத்தில் டப்பா மூடி குலுங்கக் குலுங்க ஓடினேன். வயல் தாண்டி ஆற்றுப் பக்கம் போகிற வரப்பில் அவள் நடந்துகொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல் நடந்தாள். கிட்டப் போய்ச் சேலைத்துணியைப் பிடித்து இழுத்து வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். என் திட்டு முடிகிற வரைக்கும் அவள் நின்றாள்.

"பத்தாவது கேள்விக்குப் பொய் சொல்லிட்டேன் அக்கா" என்றாள்.

"ஏன்டி சொன்னே?"

"பாட்டுல அப்படித்தானே இருந்துச்சு. வேற மாதிரி சொன்னா தாளத்துல உட்காரல."

மாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டேன். இனிமேல் நீ யாரை என்ன சொன்னாலும் ஒருத்தரும் ஏன் என்று கேட்கக் கூடாது என்றேன். அவள் அதைத் துணிக்குள் மறைத்துக்கொண்டாள்.

நர்ஸ் கூம்பாவிடம் நேராகக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் பதறாமல் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் பேசினாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மனதுக்குப் பார்க்கிற டாக்டரை வெள்ளிக்கிழமை வரச்சொன்னாள். அதுவரை இவளைத் தனியாக விடக் கூடாது என்று என்னிடம் சொன்னாள். அந்தக் கட்டிடத்தில் உருப்படியாக வேலை பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அன்சுமானாவிடம் போய்ச் சொன்னேன். அவன் முகம் வெளுத்தது, அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த நிமிடம் கை டேப்லெட்டுக்குப் போய்விட்டது.

"எண்ணெல்லாம் தலைமை அலுவலகத்துக்குப் போயாச்சும்மா. இனிமே மாத்த முடியாது. டாக்டர்தான் வர்றாரே, அடுத்த சுற்றுல இவங்களை மறுபடி சேர்த்துக்கலாம்."

"அடுத்த சுற்று வரைக்கும் அவ இருக்கணுமே தம்பி."

நாளைக்கு விழா, தலைவர் வருகிறார், ஒரு பெண்ணுக்காக எல்லாவற்றையும் கலைக்க முடியுமா என்று கெஞ்சினான். அவன் கெட்டவனும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவனாக இருந்தால் செருப்பால் அடித்துவிட்டு வந்திருப்பேன்.

சாயங்காலம் சோனா என் வீட்டு வாசலுக்கு வந்தாள். மருமகளை இப்படி ஊர் மேய விட்டதற்கு என்னை ஒரு பிடி பிடித்தாள். விழா முடிந்ததும் பேரனைத் தன் தங்கை ஊருக்குக் கொண்டுபோகிறாளாம், தீடாவை அவள் அப்பன் வீட்டுக்கு அனுப்புகிறாளாம். போகும்போது தீடாவைப் பார்த்து, "எல்லாரும்தான் புதைச்சோம். பொறுமையா இரு, அல்லா பார்த்துக்குவான்" என்றாள். பொறுமை, பொறுமை. இந்த ஊரில் பிள்ளை செத்தவளுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் பொறுமையைக் கொடுத்துவிடுவார்கள்.

விழா அன்றைக்குக் காலையில் நான் பெண்களைக் கூட்டி வைத்துச் சொன்னேன். கேள்விப் பாட்டைப் பாடப் போகிறேன், ஆனால் பழைய பதிலைச் சொல்லாதீர்கள், உங்களுக்கு உள்ளது எதுவோ அதைச் சொல்லுங்கள் என்றேன். தலையாட்டினார்கள். தீடாவைக் கூடவே வைத்திருந்தேன்.

மாமரத்தடியில் பந்தல். முன் வரிசையில் தலைவர், அன்சுமானாவின் மேலதிகாரிகள், நல்ல உடுப்பில் சோனா. அன்சுமானா கேள்விப் பாட்டை அறிவித்தான். நான் எழுந்து தூக்கம் வருதா தங்கச்சி என்று கேட்டேன்.

வருது வருது அக்கா என்று இருபத்தோரு பேரும் பாடினார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. மெட்டு அப்படி. கேள்வி காதில் விழுந்ததும் பதில் தானாக வாயிலிருந்து வந்துவிட்டது. சோறு இறங்குதா என்றேன், இறங்குது இறங்குது என்றார்கள். தலைவர் தாளம் போட்டார். என்னால் தாங்க முடியவில்லை. ஜாங்கோவின் தொட்டியை ஓர் உதை விட்டேன். தண்ணீர் அன்சுமானாவின் இஸ்திரிச் சட்டை வரைக்கும் தெறித்தது.

எல்லாம் அடங்கியபோது தீடா எழுந்தாள். பரிசு வாங்க எழுந்தாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவள் துணிக்குள்ளிருந்து என் மாலையை எடுத்து வெளியே போட்டாள். டப்பா மூடிகள் மோதின சத்தம் கேட்டது. சோனா பாதி எழுந்தாள். தலைவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். மாலை போட்டவளிடம் கோபிக்கக் கூடாது. சோனா உட்கார்ந்தாள்.

தீடா என் மெட்டிலேயே ஆரம்பித்தாள். குரல் கரகரவென்றிருந்தது.

தூக்கம் வருதா கேட்டாளே,
வருதுன்னு சொல்லித் தந்தாளே.
மூணு மாசமாத் தூங்கல நான்,
மூச்சு இருக்கான்னு பார்த்திருந்தேன்.

பந்தலில் ஒரு கை அசையவில்லை. அவள் சோனாவுக்கு நேராகப் போய் நின்றாள்.

பேரு வச்சா பெரிய பேரு,
தாத்தா பேரு, தலைவர் பேரு.
சாவு வந்து கூட்டிட்டுப் போக
சத்தம் போட்டு வச்ச பேரு.

சோனா சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் என்பது வழக்கம், அவளால் முடியவில்லை. கோபிக்கவும் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளும் புதைத்தவள்தானே. அவளுக்கும் ஒருகாலத்தில் யாரோ கதவை அடைத்திருப்பார்கள்.

அன்சுமானாவுக்கு இரண்டே வரிதான். 'பலகையைத் தொட்டான், எண்ணைப் பார்த்தான், என் மூஞ்சியைப் பார்க்கல.' அவன் குனிந்துகொண்டான். பின் வரிசையில் யாரோ ஒருத்தி அந்த வரியைத் திருப்பிப் பாடினாள். இன்னொருத்தி சேர்ந்தாள். ஜாங்கோ காலித் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு உள்ளங்கையால் அடிக்க ஆரம்பித்தாள். தீடாவின் கை அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் தட்டியது.

பிறகு என்னிடம் வந்தாள். எனக்கு முகத்துக்கு முகம் நின்றாள். அவள் கண்ணில் அப்படி ஒரு கோபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. எட்டு வாரமும் அது எங்கே இருந்தது? அங்கேயேதான் இருந்திருக்கிறது. நான்தான் மெட்டுப் போட்டு மூடியிருக்கிறேன்.

ஓட்டைச்சட்டி ஓட்டைச்சட்டி,
ஒழுகுற வாய்ச் சட்டி,
நாலு பிள்ளையைப் புதைச்சவ நீ,
நான் சாகிறது தெரியலையா?
தெரியலையா தெரியலையா,
மெட்டு நல்லா இருந்துச்சா?

வழக்கத்தைச் சொன்னேனே. எங்களில் ஒருத்தி என்னைத் திட்டிப் பாடினால் நான் ஆட வேண்டும். ஆடினேன். தலைவர் முன்னால், ஊர் முன்னால், மாலை இல்லாத மொட்டைக் கழுத்தோடு ஆடினேன். அவள் மறுபடி முதலிலிருந்து பாடினாள். தெரியலையா தெரியலையா என்று இருபத்தோரு பெண்களும் பதில் பாடினார்கள், நான் சொல்லித்தராத பதில். முட்டி கழன்றுவிடும் போலிருந்தது. அவள் நிறுத்துகிற மாதிரி இல்லை. நானும் நிறுத்தவில்லை. அத்தனை பேர் பார்க்க நான் அழுதேன், ஆனால் காலை நிறுத்தவில்லை. அவள்தான் கடைசியில் மூச்சு வாங்கித் தரையில் உட்கார்ந்தாள். கூம்பா வந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பொறுமையாக இரு என்று அன்றைக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

ஒரு நாள் பாட்டில் அவள் குணமாகிவிட்டாள் என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்கிற டேப்லெட் ஒன்று பட்டணத்தில் இருக்கிறது, அது சொல்லட்டும். அறிக்கை அப்படியே அச்சாகி வந்துவிட்டது, இருபத்திரண்டு பேரும் தேறிவிட்டார்கள் என்று போட்டிருக்கிறதாம், கூம்பா படித்துக் காட்டினாள். அந்தத் தாளை நான் வாங்கி அடுப்பில் போட்டேன். டாக்டர் வெள்ளிக்கிழமை வந்தார், மாத்திரை கொடுத்தார், இப்போதும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருகிறார். தீடா சில நாள் எழுந்திருக்கமாட்டாள். அன்றைக்கு நாங்கள் அவள் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பாடுகிறோம். கேள்வி மட்டும் பாடுகிறோம். பதிலுக்கு எவ்வளவு நேரமானாலும் ஜாங்கோ தட்டாமல் காத்திருக்கிறாள். சோனா பேரனையும் மருமகளையும் எங்கேயும் அனுப்பவில்லை, கதவையும் அடைப்பதில்லை. எங்களோடு உட்காருவதும் இல்லை, வாசலில் நின்று கேட்கிறாள்.

டாக்டர் வந்துபோன மறுநாள் காலையில் தீடா பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். முதலில் அவள் கையைத்தான் பார்த்தேன். மூட்டை இல்லை. அட்டை இல்லை.

"தவிடு எடுத்துட்டு வாங்க" என்றாள்.

ஒரு படி கொண்டுவந்து வைத்தேன். விரலை விட்டுக் கிளறிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"புழுத்துக் கிடக்கு. இதுக்கா எம்பிள்ளை?"

"உம்பிள்ளை மட்டும் என்னவாம். மூக்கைப் பாரு, மிதிச்ச தக்காளி மாதிரி."

"அப்ப வாங்காதீங்க."

ஒன்றரைப் படி என்றேன். மூன்று படிக்கு ஒரு பிடி குறைந்தாலும் கிடையாது என்றாள். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். வெயில் ஏறி, என் தொண்டை வறண்டு, நான் இரண்டரைக்கு வந்தும் அவள் இறங்கவில்லை. கடைசியில் பானையைக் கவிழ்த்து மூன்று படியையும் அளந்து கொட்டினேன். அவள் பிள்ளையை அவிழ்த்து என் மடியில் போட்டாள். மூச்சு விடுகிற நேரம்தான் வைத்திருந்திருப்பேன், உடனே கையை நீட்டினாள்.

"குடுங்க இங்க. பசிக்குது எங் குப்பைக்கு."